காத்திருக்கச் சொன்னது யார்?

கேள்வியின் தலைப்பில் “கர்த்தருக்குப் பொறுமையாகக் காத்திருக்க எப்படிப் பழகுவது?” என்று இருக்கிறது. ஆனால் கீழே நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தால் விஷயம் வேறு. பட்டப்படிப்பு முடித்து நாலு வருடம். அரச ஆசிரியர் நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று திருகோணமலையில் வீட்டோடு இருக்கிறீர்கள். இப்போது கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவும் ஜெபக்குழுவும் “அவசரப்படாதே, கர்த்தருக்குக் காத்திரு” என்கிறார்கள். போன வருடம் கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர் உங்களை எழும்பி நிற்கச் சொல்லி, மூன்று மாதத்துக்குள் அரச வேலை என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அந்த மூன்று மாதமும் போய், மேலும் பல மாதங்கள் போய்விட்டன. கடைசி வரியில், “இப்போது ஜெபிக்க வருவதில்லை, கோபம்தான் வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் கேட்பது பொறுமைக்கு வழி அல்ல, தங்கச்சி. கொழும்புக்குப் போனால் அது அவிசுவாசமா, கோபப்பட்டால் அது பாவமா என்றுதான் கேட்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். காத்திருக்கப் பழகுவது அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்த மெதடிஸ்த போதகர். திருகோணமலையிலும் சுற்றுப்புறச் சபைகளிலும் ஊழியம் செய்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். என் பதிலில் மெதடிஸ்த வாசனை அடிக்கத்தான் செய்யும். வேறு சபைகளில் வளர்ந்தவர்கள் ஓரிரு இடங்களில் தலையாட்ட மாட்டார்கள், அது பரவாயில்லை.

யாராவது உங்களிடம் “காத்திரு” என்றால் முதலில் கேட்க வேண்டியது, அதைச் சொன்னது யார் என்பதைத்தான். வேதாகமத்தில் குறிப்பிட்ட ஆட்களுக்கு, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காரியத்துக்காகக் காத்திருக்கும்படி நேரான கட்டளை வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. சாமுவேல் சவுலிடம், கில்காலுக்குப் போய் நான் வரும்வரை ஏழு நாள் இரு என்று சொல்லியிருந்தார். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களிடம், எருசலேமை விட்டுப் போகாமல் பிதாவின் வாக்குத்தத்தத்துக்குக் காத்திருங்கள் என்றார். சவுல் பொறுக்காமல் தானே பலியிட்டான், ராஜ்யம் நிலைக்கவில்லை. சீஷர்கள் இருந்தார்கள், பெந்தெகொஸ்தே நாள் வந்தது. பிரசங்கங்களில் இந்த இரண்டு கதையையும் எடுத்து, வேலை தேடுகிறவர், கல்யாணம் பேசுகிறவர், வெளிநாடு போக நினைக்கிறவர் என்று எல்லோருடைய தலையிலும் வைத்துவிடுகிறார்கள். சவுலின் குற்றம் அவசரம் அல்ல, கட்டளையை மீறியது. அவன் ஏழு நாளும் இருந்தான் என்பதையும் அதைச் சொல்கிற 1 சாமுவேல் 13ஆம் அதிகாரமே சொல்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு கட்டளை வந்ததா? “கொழும்புக்குப் போகாதே” என்று கர்த்தர் உங்களிடம் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. உங்களிடம் சொன்னவர்கள் அம்மாவும் ஜெபக்குழுவும். அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அது அவர்களுடைய ஆலோசனை. ஆலோசனையை ஆலோசனையாகத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகைக் காத்திருப்பு எல்லா விசுவாசிகளுக்கும் உரியது. “கர்த்தருக்குக் காத்திரு, அவர் உன் இருதயத்தை ஸ்திரப்படுத்துவார்” என்ற 27ஆம் சங்கீதம், “கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்” என்ற 40ஆம் சங்கீதம், எரிந்துபோன எருசலேமின் நடுவிலிருந்து வருகிற புலம்பல் மூன்றாம் அதிகாரம், இவையெல்லாம் இந்த வகை. இவற்றை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எதிலும் நியமனக் கடிதம் மாதிரி ஒரு பொருளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. காத்திருப்பது அவருக்காக. உதவியும் விடுதலையும் வேண்டாம் என்றில்லை, அவற்றை வாய்விட்டே கேட்கிறார்கள். ஆனால் கண் அவர்மேல்தான். நாம் பெரும்பாலும் செய்வது வேறு. நமக்கு வேண்டியதை முடிவு செய்துகொண்டு, அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்த உட்காருதலுக்கு “கர்த்தருக்குக் காத்திருத்தல்” என்று பெயர் வைக்கிறோம். அந்தப் பொருள் வராவிட்டால் அவர் வரவில்லை என்று ஆகிவிடுகிறது. உங்கள் கோபத்தில் பாதி இங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். உங்கள் மனதை நான் பார்த்ததில்லை, அதனால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆபிரகாமைப் பற்றிக் கட்டாயம் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். “ஆபிரகாம் அவசரப்பட்டார், இஸ்மவேல் பிறந்தான், நீயும் இஸ்மவேலைப் பெற்றுவிடாதே.” இந்தப் பேச்சை நம் சபைகளில் நான் கேட்காத வருடமில்லை. கணக்கைப் பார்ப்போம். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு 75 வயது, இஸ்மவேல் பிறக்கும்போது 86, ஈசாக்கு பிறக்கும்போது 100. இடையில் 25 வருடம். வாக்குத்தத்தம் முதலிலேயே வந்துவிட்டது, ஆனால் தாய் யார் என்பது வரவில்லை. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் “உன் கர்ப்பப்பிறப்பாயிருப்பவனே” சுதந்தரவாளி என்று சொல்லப்படுகிறது. சாராள்தான் பெறுவாள் என்ற வார்த்தை 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அப்போது இஸ்மவேலுக்கு வயது 13. அப்படியானால் 16ஆம் அதிகாரத்தில் பிள்ளையில்லாத சாராள் தன் அடிமைப் பெண் ஆகாரை ஆபிரகாமுக்குக் கொடுத்தது கர்த்தருக்கு முந்திக்கொண்டு ஓடியதா, இல்லை தெரிந்த அளவில் ஒரு வழி தேடியதா? வசனம் நேராகத் தீர்ப்பு சொல்லவில்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது வேறொரு வாதத்துக்காக ஆகாரையும் சாராளையும் எடுக்கிறார். அதை வைத்து “அவசரம் பாவம்” என்று முடிப்பது சரியாகப் பொருந்தாது. அந்த அதிகாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற தவறு ஒன்றுண்டு: ஓர் அடிமைப் பெண்ணைக் கருவியாகப் பாவித்து, கர்ப்பமானபின் அவளைக் கடினமாய் நடத்தினார்கள். அவள் வனாந்தரத்துக்கு ஓடினாள். அங்கே நீரூற்றண்டையில் கர்த்தருடைய தூதன் அவளைத் தேடிப்போனார். நம் பிரசங்கங்களில் ஆகாரின் பக்கம் வந்து நிற்கிறவர்கள் குறைவு. நீங்கள் கொழும்புக்குப் போவதால் யாருக்கு அநியாயம்? ஒருவருக்கும் இல்லையென்றால் இஸ்மவேல் பேச்சை இதற்குள் கொண்டுவர இடமே இல்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்ற எண்ணத்தை யாக்கோபின் நிருபம் ஒரே வசனத்தில் உடைத்துவிடுகிறது. பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் பூமியின் நற்பலனுக்காக நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான் என்கிறார். தம்பலகாமத்துப் பக்கம் வயல் செய்கிற எவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். புரட்டாதி பிறந்துவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் தேநீருக்கு நிற்க மாட்டார். வரம்பு கட்ட வேண்டும், வாய்க்காலில் மண் எடுக்க வேண்டும், விதைநெல்லைத் தண்ணீரில் போட்டு மிதக்கிற பதரை அள்ளி எறிய வேண்டும். குளத்துத் தண்ணீர் எட்டாத மேட்டுத் துண்டுக்குப் புழுதி விதைப்பு. அதாவது மழை வருமுன்னே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார். வந்தால் முளைக்கும், பிந்தினால் விதை நட்டம். மழையை அவரால் ஒரு நாள்கூட முன்னுக்கு இழுக்க முடியாது. ஆனால் மழை வருகிற அன்று வயல் ஆயத்தமாக இல்லையென்றால் அது மழையின் பிழை அல்ல என்று அவருக்குத் தெரியும். பிறகு காவல் வேறு, பன்றிக்கும் யானைக்கும். யாக்கோபு காட்டுகிற பொறுமைக்காரன் இப்படிப்பட்ட ஆள்தான். வீட்டுக்குள் இருந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறவன் அல்ல.

இனி அந்த மூன்று மாதத் தீர்க்கதரிசனம். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூரில் இதனால் உடைந்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எரேமியா 28ஆம் அதிகாரத்தை எடுங்கள். பாபிலோன் ராஜா ஏற்கனவே ஒரு கூட்டத்தைச் சிறைப்பிடித்துக்கொண்டு போயாயிற்று. எருசலேமில் மீந்திருந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் ஒரே கேள்வி: எப்போது திரும்புவார்கள்? அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லோர் முன்பாகவும் நின்று, இரண்டு வருடத்துக்குள் என்று சொன்னான். கர்த்தருடைய பெயரைச் சொல்லித்தான் சொன்னான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். கூட்டம் எந்தப் பக்கம் ஆரவாரித்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எரேமியா உடனே அவனோடு சண்டைக்குப் போகவில்லை. “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். அதாவது, நீ சொல்வது நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான் என்றார். நுகம் உடைந்த பிறகும் ஒன்றும் பேசாமல் தன் வழியே போனார். அதன் பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை அவருக்கு வந்தது: அனனியாவைக் கர்த்தர் அனுப்பவில்லை.

அடுத்த அதிகாரம் பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். எழுபது வருடம் ஆகும். இதற்குப் பிறகு, அதே மூச்சில் வருவதுதான் நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற 11ஆம் வசனம், “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” கர்த்தர் சமாதானத்துக்கேதுவான நினைவுகளை நினைக்கிறார் என்பது. வருடப் பிறப்பு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டுகிற வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வசனம் இல்லாத வருடம் கிடையாது. பின்னால் ஒரு சூரிய உதயப் படம். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம், டிசம்பர் வரும்போது ஓரம் சுருண்டு மஞ்சளாகிவிடும். அட்டையைக் குறை சொல்லவில்லை, நானும் பல வருடம் அந்தத் தட்டைப் பிடித்தவன். ஆனால் எழுபது வருடம் என்கிற 10ஆம் வசனத்தை வெட்டிவிட்டு 11ஐ மட்டும் அச்சடித்தால் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. அந்தக் கடிதத்தை வாங்கி வாசித்த பெரியவர்களில் அநேகமாக எவரும் ஊர் திரும்பவில்லை. எழுபதை எங்கிருந்து எங்கே எண்ணுவது என்பதில் வேத அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பாபிலோன் விழுந்தது கி.மு. 539இல் என்பது மட்டும் நிச்சயம். எப்படி எண்ணினாலும் வாலிபராய்ப் போனவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கிழவராய்ச் செத்தார்கள். நல்ல எதிர்காலம் உண்டு என்ற வாக்கும், இப்போதைக்கு இங்கேயே வேலை பார்த்துப் பிழையுங்கள் என்ற உத்தரவும் ஒரே கடிதத்தில் இருந்தன. இரண்டு வருடம் என்று நம்பியவன் தோட்டம் போட்டிருக்க மாட்டான். அனனியா செய்த பெரிய தீங்கு அதுதான், ஒரு சனத்தின் கையைக் கட்டிப்போடப் பார்த்தான்.

உங்களுக்குச் சொன்ன ஊழியரை அனனியா என்று நான் தீர்க்க மாட்டேன். அவரை எனக்குத் தெரியாது, நல்லெண்ணத்தோடும் சொல்லியிருக்கலாம். ஆனால் சோதிக்கிற வழி மோசேயின் காலத்திலேயே எழுதியாயிற்று. தீர்க்கதரிசி கர்த்தரின் நாமத்தினாலே சொன்ன காரியம் நடவாமல் போனால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல, “அவனுக்கு நீ பயப்படவேண்டாம்” என்று உபாகமம் 18ஆம் அதிகாரம் முடிகிறது. அந்தக் கடைசிச் சொற்கள் உங்களுக்காக. சொன்னது நடக்கவில்லையென்றால் “உன் விசுவாசக் குறைவால் தள்ளிப்போனது” என்று பழியைக் கேட்டவர் தலையில் போடுகிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதற்கு அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை.

அடுத்தது கோபம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கர்த்தரிடம் கோபமாகப் பேசுவது காத்திருப்புக்கு எதிரானது அல்ல. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் “எதுவரைக்கும்” என்று நாலு தடவை கேட்கிறது. என்னை மறந்திருப்பீர், உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று நேருக்கு நேர் குற்றச்சாட்டு. பிறகு ஒரு விண்ணப்பம், பிறகு நம்பிக்கை. 88ஆம் சங்கீதத்தில் அந்த நம்பிக்கை வரிகூடக் கிடையாது, இருளோடேயே முடிந்துவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் நம் முன்னோர் ஜெபப் புத்தகமாக வைத்திருக்கிறார்கள். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார். அவர் வந்து சேரும்போது கல்லறையில் நாலு நாள். மார்த்தாள் ஊருக்கு வெளியே போய், “நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்றாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கர்த்தரோடு கதைக்காமல் விட்டு, “எல்லாம் அவர் சித்தம்” என்று சிரித்துக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். நீங்கள் ஜெபிக்க வரவில்லை என்கிறீர்கள். இரவில் கதவைச் சாத்திவிட்டு 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். நாலாவது “எதுவரைக்கும்” வரைக்கும் வந்தால் போதும். மீதி வசனங்களை உங்களால் அன்றைக்குச் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், யாரும் பரீட்சை வைக்கவில்லை.

ஒன்றைக் கோபத்தோடே சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எல்லாத் தாமதத்தையும் கர்த்தருடைய கணக்கில் எழுதாதீர்கள். நியமனம் பிந்துவது திறைசேரியில் காசில்லாததாலும் நிர்வாகம் இழுபறிப்படுவதாலும். அதற்கு ஆவிக்குரிய விளக்கம் தேடத் தேவையில்லை. 2006இல் போரால் இடம்பெயர்ந்த நம் மாவட்டத்துச் சம்பூர் மக்களுக்குக் காணி திரும்பத் தொடங்கியது 2015இல். கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே அத்தனை வருடம் இருந்தவர்களிடம் போய், கடவுள் உங்களுக்குப் பொறுமை கற்பிக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மனிதர் செய்த அநியாயத்தால் வருகிற காத்திருப்புக்கு இயேசு காட்டிய முன்மாதிரி, லூக்கா 18இல் வருகிற விதவை. அவள் நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய் அவனை அலுப்பாக்குகிறாள். சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். ஜெபத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள் அலுவலகத்துக்கு நடந்து மனுக்கொடுக்கிற ஒரு பெண். 2017இல் கிழக்கு மாகாணத்தில் வேலையில்லாப் பட்டதாரிகள் அரச வேலை கேட்டு வீதியோரம் உட்கார்ந்திருந்ததும் ஒரு காத்திருப்புத்தான். அதில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளை இருந்திருந்தால் அது விசுவாசக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, பழகுவது எப்படி? என் அனுபவத்தில் பொறுமை கேட்டு ஜெபித்துப் பொறுமை வந்தவர்கள் குறைவு. மெதடிஸ்த சபைகளில் வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். பியூரிட்டன் எனப்பட்ட ஆங்கிலேயச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் எழுத்துகளிலிருந்து எடுத்து, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755இல் லண்டனில் முதல்முறை நடத்தினார். அதில் ஒரு ஜெபம் உண்டு. என்னை வேலையில் வையும், இல்லை பாடுபட வையும். உமக்காக என்னைப் பாவியும், இல்லை உமக்காக என்னை ஒதுக்கி வையும் என்று போகும். வேலையில்லாமல் இருக்கிற ஓர் ஆள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வது லேசான காரியம் அல்ல. ஓய்வு பெறுகிற வயதில் எனக்கே நாக்குக் கூசியது. ஆனால் காத்திருப்பின் உட்பொருள் அங்கேதான் இருக்கிறது: எனக்கு நியமனம் வருவதற்கு முன்னும் பின்னும் நான் அவருடைய ஆள், இடைப்பட்ட வருடங்கள் செல்லாக்காசு அல்ல. இதை ஒரேயடியாகச் சொல்ல முடியாது. தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிடம் போதும், எதையும் கேட்காமல் அவர் முன்பாக இருந்து பழகுங்கள். முதலில் மனம் சந்தைக்கடை மாதிரி இரைச்சல் போடும். மாதக்கணக்கில் அப்படியேதான் இருக்கும். ஏதோ வெளிச்சம் வரும், சத்தம் கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதோடு, அன்றைய நாளில் யாருக்காவது பயன்படுகிற ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் படித்தவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். வாங்குகிற காசு பிறகு. சங்கீதக்காரர்கள் தனியாகவும் காத்திருக்கவில்லை. உங்கள் ஜெபக்குழுவில் அறிவுரை சொல்லாமல் கூட இருக்கக்கூடிய ஒருவரைக் கண்டுபிடியுங்கள், ஒருவர் போதும்.

கத்தோலிக்க நண்பர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு விதியையும் தருகிறேன். திருகோணமலையில் இயேசு சபைக் குருக்கள் நெடுங்காலம் ஊழியம் செய்தார்கள். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்னது: மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்த நாட்களில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. நீங்கள் நன்றாக இருந்த நாட்களில் கொழும்பு வேலைக்கு விண்ணப்பித்தீர்களா, அல்லது அந்த மூன்று மாதம் பொய்த்துப்போன ஆத்திரத்தில் விண்ணப்பித்தீர்களா? இதற்கு உங்களுக்குத்தான் பதில் தெரியும்.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் நல்லது என்ற நினைவு வருகிறது என்று வாரக்கணக்கில் இருந்தால் அது பொறுமைப் பாடத்துக்குள் அடங்காது. வைத்தியரிடம் போக வேண்டும். சாகவேண்டுமென்று கோரி சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், மறுபடியும் நித்திரை. 1926 என்ற எண்ணுக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். போதகரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் முதலில் அங்கே கதையுங்கள்.

கடைசியில் கொழும்பு. கர்த்தர் உங்களோடு இருப்பார் என்பது நிச்சயம், திருகோணமலையிலும் கொழும்பிலும். உங்கள் கூப்பிடுதலைக் கேட்கிறார் என்பதும் நிச்சயம். அரச ஆசிரியர் நியமனம் தருவார் என்பது வேதாகமத்தில் எங்கும் இல்லாத வாக்கு. அது வரலாம், வராமலும் போகலாம். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் விசுவாசத்தில் மரித்த பலர் வாக்குத்தத்தத்தை அடையாமலே மரித்தார்கள் என்று எழுதியிருக்கிறது, அவர்களைக் குறைசொல்லி எழுதவில்லை. இந்தக் குறிப்பிட்ட வேலை உங்களுக்கு நல்லதா என்பதை நான் சொல்லப் போவதில்லை. சம்பளத்தில் அறை வாடகை போக என்ன மிஞ்சும், அம்மாவை யார் பார்ப்பார், அங்கே போக ஒரு சபை இருக்கிறதா என்பவற்றை உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் ஜெபத்துக்கு வெளியே உள்ள காரியம் அல்ல. அம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம். எரேமியா 28ஐயும் 29ஐயும் ஓர் இரவு அவரோடு சேர்ந்து முழுதாக வாசியுங்கள். 11ஆம் வசனம் அவருக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும், மற்றதை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

கொழும்பு நிறுவனத்துக்குப் பதில் எழுதுமுன் ஒன்று விசாரியுங்கள். தனியார் வேலையில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பெயர் பதிவாகும். 2020 பட்டதாரி நியமனங்களின்போது அந்தக் கணக்கு இருந்ததைக் காட்டிச் சிலருடைய பெயர்களை முதலில் நிறுத்தி, அவர்கள் மேன்முறையீடு செய்ய வேண்டி வந்தது. இனி வருகிற நியமனத்தில் நிபந்தனை எப்படி இருக்கும், வயதெல்லை எவ்வளவு என்று கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) மாகாணக் கல்வித் திணைக்களத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். திணைக்களம் நம்மூரில்தானே இருக்கிறது, ஓட்டோ காசுதான் செலவு. கொழும்பு நிறுவனத்திடம் அதற்காக ஒரு வாரம் தவணை கேட்டு எழுதினால் பொதுவாகக் கொடுப்பார்கள். திணைக்களத்தில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். நியமன விதிகள் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆசிரியர்கள் இதை வாசிக்கிறார்கள்.